அட்டையில் 'மேரேஜ் லைன்ஸ்', உள்ளே வேறு தட்டு: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

குறைதீர் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் நான் பணம் கட்டி வாங்கியது 'மேரேஜ் லைன்ஸ்' டிவிடி பெட்டி. அது என்ன தொடர் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை, விற்பவர் நீங்கள். 1963-ல் பிபிசியில் தொடங்கிய கறுப்பு வெள்ளைத் தொடர். ஜார்ஜாக ரிச்சர்ட் பிரையர்ஸ், கேட்டாக புரூனெல்லா ஸ்கேல்ஸ். லண்டனில் சின்னதாக ஒரு பிளாட், குமாஸ்தா சம்பளம், புதுசாகக் கல்யாணமான இரண்டு பேரின் செல்லச் சண்டை. என் மகன், மருமகளின் முதல் கல்யாண நாளுக்குப் பரிசாகக் கொடுக்கத்தான் வாங்கினேன்.

அட்டை சரிதான். தட்டைப் போட்டால் படம் கலரில் வருகிறது! இங்கிலாந்தின் டார்க்கி ஊர் ஓட்டல், நடிகர் ஜான் கிளீஸ், 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற வேறொரு தொடர். அதுவும் எந்தப் பகுதி? 1979-ல் வந்த கல்யாண நாள் பகுதி. பதினைந்தாவது கல்யாண நாளைக் கணவன் மறந்ததுபோல் நடிக்கிறான், மனைவி கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். வந்த விருந்தாளிகளிடம் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, ஓட்டலில் வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிலில் படுக்க வைக்கிறான். நல்ல நகைச்சுவைதான், மறுக்கவில்லை. ஆனால் சம்பந்தி வீட்டார் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். "என்ன சம்பந்தி, எதையாவது குத்திக் காட்டுறீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். இரண்டு குடும்பத்து உறவே உங்களால் ஆட்டம் கண்டுவிட்டது.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய தம்பி சொன்ன பதில் இது: "சார், ரெண்டுலயும் அதே அம்மாதானே நடிச்சிருக்காங்க? அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அதே புரூனெல்லா ஸ்கேல்ஸ் அம்மாதான். அங்கே கேட், இங்கே ஓட்டல்காரரின் மனைவி சிபில். சிவாஜி இருக்கிறார் என்பதற்காக எந்த சிவாஜி படத்தையாவது கையில் திணிப்பீர்களா? அதோடு விட்டாரா? "அறுபது வருஷப் பழைய படத்துக்கு இவ்வளவு சண்டையா?" என்று சிரித்துவிட்டு லைனைத் துண்டித்தார். பழையது என்று தெரிந்துதானே ஐயா வாங்குகிறோம்! அந்தக் காலத்தில் பிபிசியே ஒளிநாடாக்களை அழித்து அதன்மேல் வேறு நிகழ்ச்சி பதிந்தது. இந்தத் தொடரிலும் சில பகுதிகள் இன்று இல்லை. தப்பிப் பிழைத்ததை ஆசையாகத் தேடி வாங்குகிறவனிடம் பேசும் பேச்சா இது?

இதற்கு முன்பே உங்கள் மின்னஞ்சல் கேட்டபடி தட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதிலைப் படித்துப் பாருங்கள்: நான் ஆர்டர் செய்த பொருளும் படத்தில் உள்ள பொருளும் வேறு வேறாம், அதனால் திரும்பப் பெற இயலாதாம். அனுப்பியதே நீங்கள்தானே! அப்புறம் நேரில் கொடுக்கச் சொன்னீர்கள் என்று கொட்டும் மழையில் அம்பத்தூர் கிடங்குக்குப் போனேன். வாட்ச்மேன் கேட்டைக்கூடத் திறக்கவில்லை. இங்கே எதையும் வாங்குவதில்லை என்று உங்கள் ஆட்களுக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. ஆட்டோவுக்குக் கொடுத்தது தனிக் கணக்கு.

உங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. தயவுசெய்து சரியான பெட்டியை அனுப்புங்கள், இல்லையென்றால் ரூ.2,850-ஐத் திருப்பித் தாருங்கள். மின்வணிக விதிகள் 2020-ன்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இந்த முறையும் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவாகும். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். அங்கே மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரமும் சேர்த்துக் கேட்பேன். அந்தத் தம்பி பேசியதும் உங்கள் பதிவில் இருக்கும், அதை அழித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: தவறாக வந்த தட்டை எடுக்க ஆள் அனுப்பினால் முன்கூட்டியே போன் செய்துவிட்டு வரச் சொல்லவும். மாலை 4 மணிக்கு மேல் வீட்டில் இருப்போம்.