மேட்சிங் பணம் எங்கே? டெக்சஸ், ஜார்ஜியா, வட கரோலினா தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

டல்லாஸ், ஹூஸ்டன், அட்லாண்டா, ராலே, சார்லட் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு வணக்கம்.

நம்மில் பலர் வேலை பார்க்கும் கம்பெனிகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தமிழ்ப் பள்ளிக்கோ வெள்ள நிவாரணத்துக்கோ நாம் 100 டாலர் கொடுத்தால், கம்பெனி தன் பங்குக்கு இன்னொரு 100 போடும். 'மேட்சிங்கை விட்டுடாதீங்க' என்று டிசம்பர் கடைசியில் வாட்ஸாப்பில் நினைவூட்டல் பறக்கும். நாம் வரி கட்டும் மாநில அரசுகளுக்கும் இதே போல ஒரு மேட்சிங் கடமை இருக்கிறது. கறுப்பினத்தவருக்காகத் தொடங்கிய பல்கலைக்கழகங்களின் வேளாண் விரிவாக்கப் பணிக்கு மத்திய அரசு ஒரு டாலர் கொடுத்தால், மாநிலமும் ஒரு டாலர் போட வேண்டும். பல மாநிலங்கள் பல ஆண்டுகள் அதை முழுதாகப் போடவில்லை.

நம் பிள்ளைகள் படிக்க ஆசைப்படும் டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜார்ஜியா பல்கலைக்கழகம், என்.சி. ஸ்டேட் மூன்றுமே 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தால் பயன் பெற்றவை. மத்திய அரசு நிலம் கொடுத்தது; அதை விற்ற பணத்தில் மாநிலங்கள் வேளாண்மையும் பொறியியலும் சொல்லித்தரும் கல்லூரிகளை வளர்த்தன. தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கு அங்கே இடமில்லை. 1890இல் இரண்டாவது மோரில் சட்டம் வந்தது: நிறம் பார்க்காமல் சேர்த்துக்கொள், இல்லையென்றால் அவர்களுக்கென்று தனிக் கல்லூரி ஒன்றைக் காட்டு. தென் மாநிலங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படி வந்தவைதான் '1890 பல்கலைக்கழகங்கள்'. இன்று மொத்தம் 19. டெக்சஸில் பிரெய்ரி வியூ, ஜார்ஜியாவில் ஃபோர்ட் வேலி, வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோவின் ஏ அண்ட் டி.

விரிவாக்கம் என்றால் ஊரில் வேளாண்மை அலுவலர் வயலுக்கு வந்து பார்ப்பது நினைவுக்கு வரும். இங்கும் வேலை அதேதான். அலபாமாவின் டஸ்கீகி கறுப்பினக் கல்லூரியிலிருந்து 1906இலேயே, அங்கே வேளாண்மை சொல்லித்தந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வகுத்த திட்டப்படி கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் ஏற்றிய ஒரு வண்டி கிராமம் கிராமமாகப் போனது. அந்த ஆண்டே மத்திய வேளாண் துறை தாமஸ் கேம்பெல் என்பவரை வேலைக்கு எடுத்தது. அவர்தான் முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர். ஆனால் 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் விரிவாக்கத்துக்கு நாடு முழுக்க நிதி ஒதுக்கியபோது, எந்தக் கல்லூரிக்குப் பணம் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமையை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டது. அவை 1862 கல்லூரிகளைக் கைகாட்டின. வண்டி ஓட்டி வழிகாட்டியவர்கள் அடுத்தவர் அலுவலகத்தின் கடைசி நாற்காலிக்குத் தள்ளப்பட்டார்கள். 1890 பல்கலைக்கழகங்களின் விரிவாக்கத்துக்கென்று சட்டத்தில் ஒரு நிலையான இடம் கிடைத்தது 1977இல்தான்.

இந்தப் பணம் என்ன செய்கிறது? ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். தெற்கின் வெப்பத்திலும் ஈரத்திலும் வெள்ளாட்டின் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழு ஒன்று பெருகும். எல்லா ஆட்டுக்கும் ஒரேயடியாக மருந்து ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும், பிறகு எந்த மருந்தும் கேட்காது. அதனால் ஆட்டின் கீழ் இமையை விரலால் மெல்ல இறக்கி, உள்பக்க நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அட்டையில் சிவப்பிலிருந்து வெளிறிய வெள்ளை வரை ஐந்து நிறங்கள். வெளிறியிருக்கும் ஆட்டுக்கு மட்டும் மருந்து. கற்றுக்கொண்டால் ஒரு ஆட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் யாராவது தொழுவத்துக்கே வந்து இரண்டு மூன்று ஆட்டில் செய்து காட்ட வேண்டும். இருபது முப்பது ஆடு வைத்திருப்பவரைத் தேடிப் போவது பெரிய கம்பெனிகளுக்குக் கட்டாது. ஃபோர்ட் வேலியும் பிரெய்ரி வியூவும் ஓக்லஹோமாவின் லாங்ஸ்டனும் வெள்ளாட்டு ஆய்வில் பெயர் வாங்கியவை. (ஞாயிற்றுக்கிழமை மட்டனுக்கு அலையும் நமக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. இந்த நாட்டுக்கு இறக்குமதியாகும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது.)

ஆட்டோடு வேலை முடிவதில்லை. உயில் எழுதாமல் இறந்த தாத்தாவின் நிலம், பாகம் பிரிக்காமல், ஊர் ஊராகச் சிதறிய பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக நிற்கும். அதை வைத்துக் கடன் வாங்குவது பெரும்பாடு. யாரோ ஒரு வாரிசு தன் பங்கை ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டால், அவர் நீதிமன்றம் போய் முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. கறுப்பினக் குடும்பங்கள் கை நழுவவிட்ட நிலத்தில் கணிசமானது இப்படிப் போனதுதான். 1920 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 9,25,000 கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 2022இல் 47,000கூட இல்லை. பத்திரம், வாரிசுரிமை என்று வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதும் இந்த விரிவாக்கப் பணியாளர்களின் வேலைதான்.

இனி மேட்சிங் கதை. 1862 பல்கலைக்கழகங்களுக்கு வரும் மத்திய நிதிக்கு மாநிலம் ஒன்றுக்கு ஒன்று போட்டே தீர வேண்டும். பல மாநிலங்கள் அதற்கு மேலும் அள்ளிக் கொடுக்கின்றன. 1890 பல்கலைக்கழகங்களுக்கும் 2007 முதல் ஒன்றுக்கு ஒன்று என்பதே விதி. ஆனால் பாதிக்கு மேல் உள்ள தொகைக்கு விலக்குக் கேட்கலாம் என்று ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். பணத்தைப் போடாதது மாநிலம். விலக்குக் கேட்டு மத்திய வேளாண் துறைக்கு எழுத வேண்டியது பல்கலைக்கழகம். எழுதாவிட்டால் வர வேண்டிய மத்தியப் பணமும் கைவிட்டுப் போகும். தனக்குச் சேர வேண்டிய கடனைக் கடன்காரனுக்காகத் தானே தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போடுவது எந்த ஊர் நியாயம்? 2010 முதல் 2012 வரையிலான மூன்று ஆண்டுகளில் மட்டும் விரிவாக்கத்திலும் ஆராய்ச்சியிலுமாக ஏறக்குறைய 5.7 கோடி டாலர் மாநிலப் பணம் இப்படி வராமல் போனது என்று நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களின் சங்கமே 2013இல் கணக்குக் காட்டியது. போதாததற்கு, செலவாகாத விரிவாக்கப் பணத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு 1890 பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் 2018 வரை இருந்தது.

2023 செப்டம்பரில் அன்றைய கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் 16 ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1862 பல்கலைக்கழகத்துக்கு இணையாக மாணவருக்கு இவ்வளவு என்று கொடுத்திருந்தால், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. வட கரோலினா ஏ அண்ட் டிக்கு 200 கோடிக்கு மேல், பிரெய்ரி வியூவுக்கு சுமார் 110 கோடி, ஃபோர்ட் வேலிக்கு சுமார் 60 கோடி. இது விரிவாக்கத்துக்கு மட்டுமான தொகையல்ல, பல்கலைக்கழகம் முழுமைக்குமானது. கணக்கிட்ட முறை சரியில்லை என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வாதத்தைக் கேட்கலாம், தப்பில்லை. ஆனால் டென்னசியில் கணக்குப் பார்த்தது வாஷிங்டன் இல்லை, இரு கட்சியினரும் இருந்த மாநிலச் சட்டமன்றக் குழு. டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சேராமல் போன மேட்சிங் பணம் 15 கோடியிலிருந்து 54.4 கோடி டாலர் வரை இருக்கும் என்று அது 2021இல் சொன்னது. அடுத்த ஆண்டு சட்டமன்றம் 25 கோடி ஒதுக்கியது. யாரோ எடுத்துக் கேட்டதால் வந்த பணம் அது.

'நமக்கெதற்கு இந்த வம்பு?' என்று சிலர் கேட்பார்கள். வாக்குரிமை வாங்கியதும் நாம் அதிபர் தேர்தலைப் பற்றி விடிய விடியப் பேசுகிறோம். நம் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பெயர் கேட்டால் விழிக்கிறோம். மேட்சிங் பணத்தை முடிவு செய்வது அவர்தான். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரளும் வரை ஓயாதவர்கள் நாம். ஒரு கல்வி நிலையத்துக்குப் பணம் எப்படிச் சேர்கிறது, எங்கே தேங்குகிறது என்று நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம்.

ஜார்ஜியா சட்டமன்றம் ஆண்டுதோறும் ஜனவரியில் கூடி 40 அமர்வு நாட்களில் கலைந்துவிடும். டெக்சஸில் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் 140 நாள். அங்கே தவறவிட்டால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். வட கரோலினாவிலும் இரண்டாண்டு பட்ஜெட்டை ஒற்றைப்படை ஆண்டில்தான் எடுப்பார்கள். அதற்கு முன்பே, அக்டோபர் நவம்பரில், உங்கள் உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுத்தில் இரண்டு கேள்வி அனுப்புங்கள். நம் 1890 பல்கலைக்கழகத்தின் விரிவாக்க நிதிக்கு மாநிலம் கடந்த ஐந்து ஆண்டுகளில் முழு மேட்சிங் போட்டதா? ஏதாவது ஓர் ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகம் விலக்குக் கேட்க நேர்ந்ததா? தமிழ்ச் சங்கத்தின் பெயரில் வேண்டாம், சங்கத்துக்கு அரசியல் ஒட்டும். வாக்காளர் என்று உங்கள் பெயரும் முகவரியும் போட்டு அனுப்புங்கள். தொகுதிக்குள் இருக்கும் முகவரியைப் பார்த்தால்தான் அந்த அலுவலகங்கள் பதில் எழுதும்.

இப்படிக்கு,
வட கரோலினாவிலிருந்து ஒரு தமிழ் வாக்காளர்