முதலில் கால் தெரிகிறதா பார்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் வந்தது. 55 இஞ்ச் டிவி வாங்கியதற்கு வாழ்த்துகள். ஆனால் அதில் ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ போட்டுப் பார்த்துவிட்டு, “மத்தியான சீரியல் மாதிரி இருக்கு, பழைய குங்ஃபூ படமெல்லாம் இனிமேல் தேறாது” என்று எழுதியிருக்கிறாயே, அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நிறுத்தி வை. 1978-இல் வந்த படம் அப்படியேதான் இருக்கிறது. கெடுப்பது உன் டிவி.

சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். உன் டிவி திரை நொடிக்கு 60 அல்லது 120 தடவை மாறுகிறது. இடைவெளியை நிரப்ப, அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமைப் பார்த்து, நடுவில் இப்படி இருந்திருக்கும் என்று டிவியே ஒன்றைத் தயாரித்துச் சொருகிவிடுகிறது. குடும்பப் படத்தில் இது வெறும் எரிச்சல். சண்டைப் படத்தில் நாசம். ஹாங்காங் சண்டை இயக்குநர்கள் பல ஷாட்டுகளை 22 ஃபிரேமில் கேமராவை ஓடவிட்டு எடுத்தார்கள். அது 24-இல் ஓடும்போது வேகம் 9 சதவீதம் கூடும். 20-இல் எடுத்தால் 20 சதவீதம் கூடும். அதற்கும் கீழே போனால் மௌனப்பட நடை வந்துவிடும் என்பதால் நல்ல ஆட்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அந்த வேகத்தில் முஷ்டி ஒரு ஃபிரேமில் இடுப்பருகே இருக்கும், அடுத்ததில் எதிராளியின் தாடையில். நடுவே அது எந்த வழியாகப் போனது என்று டிவிக்கு எப்படித் தெரியும்? கையைச் சுற்றி ஒரு மங்கல் விளிம்பு வரும். கம்பு சுழலும்போது அதில் ஒரு பகுதி காணாமல் போகும். நீ சீரியல் என்று சொன்னது இதைத்தான்.

டிவி ஃபிரேம் சொருகுவதை அணைக்கிற வழி: எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் க்ளாரிட்டி (பழைய மாடலில் ஆட்டோ மோஷன் ப்ளஸ்). ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டுவிடு, வேலை பாதி குறையும். பல டிவிகளில் இந்த செட்டிங் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. டிவிக்குள் இருக்கிற ஆப்பில் அணைத்தாலும் எச்டிஎம்ஐ வழியாக வரும் ப்ளேயருக்கு அது ஆனிலேயே இருக்கும். “அணைச்சாச்சு, ஆனா அப்படியேதான் இருக்கு” என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

இன்னொரு வகை ஆட்கள் அணைத்துவிட்டு இரண்டே நாளில் மறுபடி போட்டுவிடுவார்கள். கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் வெட்டி வெட்டிப் போகிறதாம். அதற்குக் காரணம் வேறு. ஸ்ட்ரீமிங் பெட்டி எப்போதும் 60-இல் அனுப்பிக்கொண்டிருந்தால், 24-ஐ அதில் அடைக்க ஒரு ஃபிரேமை மூன்று தடவை, அடுத்ததை இரண்டு தடவை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கும். பெட்டியின் செட்டிங்கில் ‘மேட்ச் ஃபிரேம் ரேட்’ என்ற பெயரிலோ அதை ஒட்டியோ ஒன்று இருக்கும், அதைப் போடு. ஷார்ப்னஸையும் குறை, நாய்ஸ் ரிடக்‌ஷனை அணை. பழைய ஃபிலிமின் பொடிப்பொடியான துகளை அழுக்கென்று நினைத்து டிவி துடைக்கப் போய், முகமெல்லாம் மெழுகாகிவிடும்.

அடுத்தது திரையளவு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதென்று ‘ஜூம்’ போட்டுப் பார்த்தாயாமே. அடப்பாவி! ‘36த் சேம்பர்’ எடுத்த ஹாங்காங் கம்பெனி ஷா பிரதர்ஸ், படங்களை ஷாஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் எடுத்தார்கள். அகலம், உயரத்தைப் போல் 2.35 மடங்கு. உன் டிவியில் அது 1.78 மடங்குதான். திரை முழுக்க நிரப்பினால் இரண்டு பக்கமும் சேர்த்து படத்தில் ஏறத்தாழ 24 சதவீதம் வெட்டுப்படும். பழைய சதுர டிவிக் காலத்து டிவிடி என்றால் 43 சதவீதம் போச்சு. பட்டையோடு பார்த்தால் உன் திரையில் என்ன நஷ்டம்? மேலே எட்டு சென்டிமீட்டர், கீழே எட்டு சென்டிமீட்டர், அவ்வளவுதான். இந்த இயக்குநர்கள் இரண்டு பேரை மோதவிடும்போது ஆளுக்கொரு ஓரத்தில் நிறுத்துவார்கள். நடுவில் இருக்கிற வெற்றிடத்தை யார் முதலில் கடப்பது என்பதுதான் சண்டையே. ஓரத்தை வெட்டினால், அடிப்பவன் கை மட்டும் வரும், அடிவாங்குபவன் தலை மட்டும் வரும்.

எதைப் பார்க்கச் சொல்கிறாய் என்று கேட்டாய். காலைப் பார். ஒரு சண்டைக்காட்சி தரமானதா என்று சொல்ல என்னிடம் இருக்கிற முதல் அளவுகோல் இதுதான்: தலை முதல் பாதம் வரை ஆள் முழுதாகத் தெரிகிறானா, எத்தனை அசைவுக்கு ஒரு கட் வருகிறது.

‘36த் சேம்பர்’ எடுத்த லாவ் கார்-லியுங்கின் பரம்பரையைத் தெரிந்துகொண்டால் இது ஏன் என்று புரியும். அவர் அப்பா லாவ் சாம், லாம் சாய்-விங்கின் சீடர். லாம் சாய்-விங், பெயர்பெற்ற குங்ஃபூ ஆசான் சாட்சாத் வோங் ஃபெய்-ஹுங்கின் சீடர். அவர்களுடைய ஹுங் கார் என்ற குங்ஃபூ முறையில் பலமெல்லாம் இடுப்புக்குக் கீழே. தாழ்ந்து, அகன்று, தரையைப் பிடித்து நிற்பார்கள். அதைச் சின்ன வயதிலிருந்து செய்தவர் காலை வெட்டி ஃபிரேம் வைப்பாரா? கேமராவைத் தள்ளி வைத்து, பத்து அசைவுக்கு மேல் ஒரே ஷாட்டில் ஓடவிடுவார். கட் பண்ணினாலும் முந்தின அசைவு முடிந்த நிலையிலிருந்துதான் அடுத்தது தொடங்கும். ஒரு தடவை சவுண்டை நிறுத்திவிட்டுப் பார், யார் எந்த நிலையில் நின்று எதைத் தடுத்தான் என்பது வரிசையாகப் புரியும்.

அந்தப் படத்தின் நடுப்பகுதி இழுவை என்கிறாய். எனக்கு அதுதான் படம். கதாநாயகன் கோர்டன் லியூ முதலில் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போக, தண்ணீரில் மிதக்கிற கட்டைகள் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். விழுந்தால் நனைந்து நிற்க வேண்டியதுதான். பிறகு இரண்டு வாளித் தண்ணீரைக் கையை நீட்டியபடி சுமந்து மேலே ஏற வேண்டும்; மேல்கையில் கத்தியைக் கட்டியிருப்பார்கள், கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். அப்புறம் நீளமான கழியின் நுனியில் பாரம் வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து மணியை அடிக்க வேண்டும். கவனி, ஒவ்வொரு அறையும் ஒரே ஒரு உறுப்பைப் பிடித்துக்கொள்கிறது. இறுதியில் மூன்று துண்டுக் கழி அவன் கைக்கு வரும்போது, அதைச் சுழற்றுகிற மணிக்கட்டு எங்கே தயாரானது என்று நமக்குத் தெரியும். பயிற்சியை ஒரே பாட்டில் முடித்துவிடும் படங்களில் இந்தக் கணக்கு வராது.

லாவ் கார்-லியுங்கின் ‘எய்ட் டயக்ரம் போல் ஃபைட்டர்’ (1984) அடுத்து பார். அதில் நடித்த அலெக்சாண்டர் ஃபூ ஷெங் 1983 ஜூலையில், படம் முடியுமுன்னே கார் விபத்தில் இறந்துபோனார். அதனால் அவர் பாத்திரம் பாதியில் அப்படியே நின்றுவிடும். கதையில் ஓட்டை விழுந்தது உண்மை. ஆனால் சவப்பெட்டிகளை அடுக்கி வைத்து அதன்மேல் நடக்கிற கடைசிச் சண்டைக்கு ஈடாக ஷா பிரதர்ஸில் இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. ரத்தம் பிடிக்காதென்றால் ‘ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்’ (1978). சீன முறைக்கும் ஜப்பானிய முறைகளுக்கும் வரிசையாகப் போட்டி நடக்கும், ஒருத்தர்கூடச் சாகமாட்டார். பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம்.

காலைப் பார் என்ற விதியை உடைத்து ஜெயித்த இயக்குநர் கிங் ஹூ. அவருக்குக் குங்ஃபூ தெரியாது, பெய்ஜிங் ஓபரா தெரியும். ‘எ டச் ஆஃப் ஜென்’ படத்தில் முதல் சண்டை வரவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், பொறுமையாக உட்கார். மூங்கில் காட்டுச் சண்டையில் ஆட்களை ட்ராம்போலினில் குதிக்க வைத்து, தாவுவதை ஒரு துண்டாக, பறப்பதை ஒரு துண்டாக, இறங்குவதை ஒரு துண்டாக வெட்டி ஒட்டினார். சில ஷாட் அரை நொடிகூட நிற்காது. வேண்டுமென்றே முழுதாகக் காட்டமாட்டார். கண்ணுக்கு எட்டாத வேகம் என்று நாம் நம்ப வேண்டும். 1975-இல் கான் விழாவில் தொழில்நுட்பத்துக்கான பரிசு கிடைத்தது. டிவியின் மோஷன் செட்டிங் இவர் படத்தைத்தான் அதிகம் கெடுக்கும். அரை நொடி ஷாட்டில் பாதி ஃபிரேமை டிவியே தயாரித்தால் மிச்சம் என்ன இருக்கும்?

ஜாக்கி சான் விஷயத்தில் உன்னோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ‘போலீஸ் ஸ்டோரி’ (1985) அவர் உச்சம். ஷாப்பிங் மாலில் கம்பத்தைப் பிடித்துச் சறுக்குகிறாரே, அந்த விளக்குகள் நிஜ மின்சாரத்தில் எரிந்தவை, உள்ளங்கை வெந்துபோனது. ஆனால் அவருடைய வித்தை குதிப்பதில் மட்டும் இல்லை. ஹாங்காங் எடிட்டர்கள் அடி விழுகிற இடத்தில் ஒரு தந்திரம் செய்வார்கள். தூரத்து ஷாட்டில் அடி விழுவதைக் காட்டிவிட்டு, கிட்டத்து ஷாட்டில் இரண்டு மூன்று ஃபிரேம் பின்னால் போய் அதே அடியை மறுபடி காட்டுவார்கள். கண் அதை இரண்டாக எண்ணாது, ஒரே அடியாக, கனமாக வாங்கிக்கொள்ளும். சட்டையில் பவுடர் தூவி வைப்பதும் இதற்குத்தான், அடிபட்ட இடத்தில் புழுதி எழும்பும். பல ஹாலிவுட் படங்களில் அடி விழுகிற ஃபிரேமிலேயே கட் பண்ணிவிடுவதால் ஒன்றும் உறைக்காது. ஜாக்கியும் கிக்பாக்ஸிங் வீரர் பென்னி உர்கிடெஸும் மோதுகிற ‘வீல்ஸ் ஆன் மீல்ஸ்’ (1984) கோட்டைச் சண்டையையும் பார். உதை வீச்சில் மெழுகுவத்திகள் அணைகிற ஷாட் ஒன்று உண்டு. அந்தப் படத்தை இயக்கிய சாம்மோ ஹுங்கை நம் ஆட்கள் குண்டன் காமெடி என்று ஒதுக்குகிறார்கள். அவருடைய ‘தி ப்ராடிகல் சன்’ (1981) விங் சுன் என்ற குங்ஃபூ முறையைக் காட்டியதில், என் கணக்கில், ‘இப் மேன்’ (2008) படத்துக்கு ஒரு படி மேல். குறுகிய இடம், குறுகிய அடி, அதில் நடித்த லாம் சிங்-யிங்கின் தோள் அசையவே அசையாது.

இந்தோனேசியப் படம் ‘தி ரெய்ட்’ (2011) பற்றி நீ எழுதியதை ஏற்க மாட்டேன். கேமரா ஆடுகிறது என்பது சரி. ஆனால் ஆட்டம் அடியைப் பின்தொடர்கிறது, அடியை மறைப்பதற்காக ஆடவில்லை. இக்கோ உவைஸும் யாயன் ருஹியானும் அந்த நாட்டுச் சண்டைக்கலையான சிலாட் பழகியவர்கள், எதையும் மறைக்கத் தேவையில்லை.

டப்பிங் விஷயம். உதடு ஒட்டவில்லை, ஒரிஜினல் மொழியில் தேடிக் கொடு என்கிறாய். அந்தக் காலத்து ஹாங்காங் படங்களில் படப்பிடிப்பில் வசனத்தைப் பதிவு செய்வதே வழக்கமில்லை. பிறகு ஸ்டுடியோவில், பெரும்பாலும் வேறு ஆட்கள் குரல் கொடுத்தார்கள். ப்ரூஸ் லீயின் ஹாங்காங் படங்களிலேயே அவர் வசனத்தைப் பேசியவர் வேறு ஆள். ஆகவே எந்த மொழியில் போட்டாலும் உதடு ஒட்டாது. ஷா பிரதர்ஸ் என்றால் மாண்டரின், ஜாக்கி என்றால் கான்டோனீஸ், இதை வைத்துக்கொள். டிஸ்க்கில் பழைய ஒற்றை ஒலித்தட ‘மோனோ’ ட்ராக் இருந்தால் அதைத் தேர்ந்தெடு. 2000-த்துக்குப் பிறகு வந்த ஷா பிரதர்ஸ் டிஸ்க்குகள் சிலவற்றில் ஆறு ஸ்பீக்கர் 5.1 ஒலிக்காகப் புது ‘உஷ்’, ‘டமால்’ எல்லாம் சேர்த்து, பழைய ஓசையின் தாளத்தைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். சவுண்ட்பார் தாமதமாக ஒலிக்கிறதா என்று பார்க்க இந்தப் படங்களின் உதட்டை நம்பாதே. செய்தி வாசிப்பு ஏதாவது போட்டுச் சரிபார். ப்ளூடூத்தைவிட எச்டிஎம்ஐ ஏஆர்சி இணைப்பு நல்லது.

போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போய்க் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார் என்று மார்தட்டியிருக்கிறாய். தென்னிந்தியர் என்பதற்குப் பழைய சான்று உண்டு. அவர் போதனை நூலுக்கு ஆறாம் நூற்றாண்டில் தான்லின் என்ற சீனத் துறவி எழுதிய முன்னுரை அப்படிச் சொல்கிறது. அதே நூற்றாண்டின் இன்னொரு குறிப்பு பாரசீகர் என்கிறது. காஞ்சியும் பல்லவரும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. குங்ஃபூவோடு அவரை முடிச்சுப்போட்ட ‘யிஜின்ஜிங்’ உடற்பயிற்சி நூல் 1624-ஐச் சேர்ந்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே, 621-இல் ஷாவோலின் துறவிகள் பின்னாளில் தாங் பேரரசரான லீ ஷிமின் பக்கம் நின்று போரிட்டதை 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அதில் நம் ஆள் ஆசானாக வரவில்லை.

டிஸ்க் வாங்குவதானால் ரீஜனை, அதாவது எந்தப் பகுதி ப்ளேயரில் ஓடும் என்ற குறியைப் பார்க்காமல் காசு கட்டாதே. ப்ளூரேயில் இந்தியா சி. ஹாங்காங், தைவான், அமெரிக்கா எல்லாம் ஏ. இங்கிலாந்து பி. இங்கே வாங்கின சாதாரண ப்ளேயரில் ஏ என்று பூட்டின டிஸ்க் ஓடாது. டிவிடியில் இந்தியா 5, ஹாங்காங் 3. ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் வந்த பழைய டிவிடிகள் நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடும், அதாவது 4 சதவீதம் வேகம். 100 நிமிடப் படம் 96-இல் முடிந்துவிடும். ஏற்கெனவே 22-இல் எடுத்த சண்டையின் மேல் இதுவும் ஏறினால் எல்லாரும் அவசரக்காரர்களாகத் தெரிவார்கள். உறையில் ‘ஃபுல் ஸ்க்ரீன்’ என்று போட்டிருந்தால் அது ஓரம் வெட்டினது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

முதலில் ‘36த் சேம்பர்’ படத்தையே செட்டிங் மாற்றி மறுபடி போடு. பிறகு ‘ப்ராடிகல் சன்’, ‘போலீஸ் ஸ்டோரி’, ‘போல் ஃபைட்டர்’. கிங் ஹூவை லீவு நாளுக்கு வைத்துக்கொள், மூன்று மணி நேரப் படம். என்னிடம் ‘போல் ஃபைட்டர்’ ஏ ரீஜன் டிஸ்க் சும்மா கிடக்கிறது. உன் ப்ளேயரின் மாடல் நம்பரை எழுது, அதில் ஓடுமென்றால் கூரியரில் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய நண்பன்