மலை மேல புள்ளைகளுக்கு வெயில் பத்தலீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க. நாங்க வால்பாறைல எஸ்டேட் லைன் வீட்டுல இருக்கறோம். எங்க அக்கா பொண்ணுக்கு மூணு வயசு, நடக்கறப்ப ரெண்டு காலும் வில்லு மாதிரி வெளிப்பக்கமா வளைஞ்சிருந்துச்சு, வளர வளர சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க, கடைசில பொள்ளாச்சில ரத்தம் எடுத்துப் பாத்தா வைட்டமின் டி ரொம்பக் கம்மி, அதனாலதான் எலும்பு பலமில்லாம வளைஞ்சிருக்குதாம். வெயில்ல இருக்கற யூவி கதிர் தோல்ல பட்டாத்தான் ஒடம்புல வைட்டமின் டி உருவாகும், உயரம் போகப் போக அந்தக் கதிர் ஜாஸ்திதானுங்க, ஆனா ஜூன்ல புடிச்ச மழையும் மூடுபனியும் விட்டாத்தானே, விட்டாலும் புள்ளைக்கு ஸ்வெட்டர் குல்லா சாக்ஸுன்னு மூஞ்சி மட்டும்தான் வெளிய தெரியும். ஜன்னலோரம் பாய் போட்டு உக்கார வெச்சிருந்தோம், கண்ணாடி வழியா வர்ற வெயில்ல வைட்டமின் டி உருவாகாதுன்னு டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது. தாய்ப்பால்லயும் இது கம்மிதான், அதனால பொறந்ததுல இருந்து ஒரு வயசு வரைக்கும் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து குடுக்கணுமாம், எங்ககிட்ட யாருமே சொல்லலீங்க. தடுப்பூசி போடறப்பவே இதையும் எடுத்துச் சொல்லி மருந்தும் குடுக்கணும், டெஸ்ட்டும் மலையிலயே பண்ணணும். 40 கொண்டை ஊசி வளைவு எறங்கி ஏறுனா ஒரு நாள் கூலி போயிருதுங்க.

- ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளி, வால்பாறை