எழுத்து ஆடும் பிள்ளைக்கும் ஒரு வீரன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகள் வயிற்றுப் பேரன் ஆறாம் வகுப்பு. டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதில் சிரமம், உள்ள பிள்ளை. வரியின் கீழே விரலை வைத்து, ஒரே சொல்லில் இரண்டு மூன்று தரம் முட்டி மோதித்தான் அடுத்த சொல்லுக்குப் போவான். அவன் இப்போது பெர்சி ஜாக்சன் கதைகளைக் கீழே வைப்பதில்லை. "அம்மாயி, இவனுக்கும் எழுத்து ஆடுதாம்!" என்று ஓடி வந்து பக்கத்தைக் காட்டினான். கிரேக்கக் கடல் தெய்வம் பொசைடனின் மகன் பெர்சி. அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்கென்றே அமைந்தது, அதனால்தான் ஆங்கில எழுத்து தடுமாறுகிறது என்கிறது கதை. பள்ளி ஆசிரியராக இருந்த எழுத்தாளர் ரிக் ரியோர்டன், இதே சிரமம் இருந்த தன் மகனுக்குச் சொன்ன கதைதான் 2005-ல் முதல் புத்தகமாக வந்தது. எவ்வளவு பெரிய மனசு!

சரி, நம் கொங்கு நாட்டு நாட்டார் காவியமான அண்ணன்மார் கதையில் எது குறைவு? பொன்னர், சங்கர், கொம்பன் பன்றி, மாண்ட அண்ணன்மாரை எழுப்பிய தங்கை தங்காள். உடுக்கையடித்து இரவிரவாகப் பாடிய கதை. கனடாவின் மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் இங்கே தங்கி அதைப் பதிவு செய்தார், பிறகு அனிமேஷன் தொடராகவும் ஆக்கினார். இன்றைய காங்கயத்துப் பள்ளிப் பிள்ளை ஒன்று அந்த உலகத்துக்குள் போவதாக நம் எழுத்தாளர்கள் ஏன் தமிழில் எழுதக் கூடாது? பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு, பாகம் பாகமாக. அடுத்த ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குள் ஒரு பதிப்பாளராவது முதல் பாகத்தைத் தொடங்குங்கள்.

ஓர் அம்மாயி,
கோபிசெட்டிபாளையம்