சுண்டு விரலுக்கு இடமில்லை

கேட்டி, டெக்சஸ்
அக்டோபர் 12

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூட்டு அறுவை முடிந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பதில் தாமதமானதற்கு உன் கேள்விதான் காரணம். "உனக்கெதுக்குடா துப்பாக்கி?" என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே பர்மா தேக்குக் கதவுக்குப் போய்விட்டாய்.

சுருக்கமாகச் சொல்கிறேன். கடை வசூலை எடுத்துக்கொண்டு இரவு பதினொன்றுக்கு மேல் தனியாக காருக்கு நடக்கிறவன் நான். போன வருடம் பக்கத்துக் கடைக்காரரை அதே இடத்தில் கீழே தள்ளிவிட்டுப் பறித்துக்கொண்டு போனார்கள். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி தடையில்லாத 21 வயதுக்காரர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். நான் அதற்கு முன்பே வகுப்பில் உட்கார்ந்து, சுட்டுக் காட்டி, உரிமம் வாங்கியவன். கமலா இன்னும் சம்மதிக்கவில்லை. பேரன் வந்தால் அது இரும்புப் பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வைத்தால் டெக்சஸ் அரசின் சட்டமும் சும்மா விடாது. கோயிலுக்கும் தபால் நிலையத்துக்கும் எடுத்துப் போவதில்லை. அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ மரத்தோடு வாழ்கிறவன் என்பதால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். என்னைப் பாடாய்ப் படுத்தியது துப்பாக்கி இல்லை, அதன் பிடி.

என்னுடையது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. ஐந்து தோட்டா ரிவால்வர், உடற்கூடாக அலுமினியச் சட்டம், எடை நானூறு கிராமுக்குச் சற்று மேல். தோட்டாவைத் தட்டும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் வெளியே எடுக்கும்போது துணியில் மாட்ட எதுவும் இல்லை. இதன் மூதாதை 1952இல் வந்தது. 1852இல் தொடங்கிய நிறுவனத்தின் நூற்றாண்டு என்பதால் 'சென்டினியல்' என்று பெயர் வைத்தார்கள். அதில் பிடியின் பின்பக்கத்தில் ஓர் அழுத்துகட்டை உண்டு. கையால் இறுகப் பற்றினால்தான் சுடும். என்னுடையதில் அது கிடையாது. இருந்திருந்தால் இந்தக் கடிதம் இன்னும் இரண்டு பக்கம் நீண்டிருக்கும்.

முதலில் பெரிய ரப்பர் பிடி ஒன்று வாங்கினேன். மூன்று விரலும் உட்காரும், பிடியின் பின்புற உலோகமான பின்பட்டையை மூடியிருக்கும். இவ்வளவு இலேசான துப்பாக்கி சுடும்போது கழுதை மாதிரி உதைக்கும். அந்த உதையை ரப்பர் பாதி வாங்கிக்கொள்கிறது. சுடும் மைதானத்தில் 21 அடி தூரத்தில் ஐந்து குண்டும் ஒரு தட்டுக்குள் விழுந்தன. மகிழ்ச்சியாக வீட்டுக்கு வந்து பேன்ட் பைக்குள் வைத்துப் பார்த்தால், உள்ளே ஒரு மாங்காயை ஒளித்து வைத்தவன் மாதிரி இருக்கிறேன். போகட்டும் என்று, தோட்டாவை எல்லாம் எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, வெறும் துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்துப் பழகினேன். ரப்பர் துணியைக் கவ்வியது. துப்பாக்கியோடு பையின் உள்துணியும் தலைகீழாக வெளியே வந்து நாக்கு மாதிரித் தொங்கியது. கமலா சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.

அடுத்தது மெல்லிய மரப்பிடி, பழைய பாணி. இரண்டு பக்கமும் இரண்டு வில்லை, நடுவே ஒரே ஸ்க்ரூ, பின்பட்டை திறந்தே இருக்கும். பைக்குள் போவதும் வருவதும் வெண்ணெய். ஆனால் இரண்டாவது குண்டுக்கே கைக்குள் திரும்பிக்கொள்கிறது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வெறும் உலோகம் அறைகிறது. இதைவிட மோசம் நடுவிரலுக்கு. ட்ரிகரைச் சுற்றிய வளையத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம் காலியாக இருக்கிறதல்லவா, விரல் அங்கே ஏறி, ஒவ்வொரு சூட்டுக்கும் முட்டியில் அடி வாங்குகிறது. அந்தப் பள்ளத்தை அடைப்பதற்கென்றே டைலர் என்று ஓர் உலோகத் துண்டு பல பத்தாண்டுகளாக விற்கிறார்கள். நல்ல பொருள்தான், ஆனால் பிடி சின்னதாகவே இருக்கிறது.

ஆக, கைக்குப் பிடித்தது பைக்குப் பிடிக்கவில்லை, பைக்குப் பிடித்தது கைக்குப் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இங்கே 'பூட் கிரிப்' என்று ஒரு வகை உண்டு. அடிப்பாகம் சட்டத்தின் அடியோடு முடிந்துவிடும், பள்ளத்தை மரமே நிரப்பும், இரண்டு விரல்தான் உட்காரும். சுண்டு விரல் அடியில் மடங்கிக்கொள்ள வேண்டியதுதான். வால்நட் மரத்தில் பழசு ஒன்று மலிவாகக் கிடைத்தது. என் கைக்குக் கொஞ்சம் தடிமன், அதுவும் வலது பக்கம்.

அப்போதுதான் உன் அப்பா நினைவுக்கு வந்தார். அரிவாளுக்குப் பிடி கேட்டு வருகிறவர்களிடம் முதலில் ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்து அழுத்தச் சொல்வாரே! இங்கே களிமண்ணுக்கு எங்கே போவது? சப்பாத்தி மாவை எடுத்து வெறும் சட்டத்தின் அளவுக்கு உருட்டி, சுடுகிறபோது பிடிக்கிற மாதிரியே இறுகப் பிடித்தேன். விரல் பதிவுகளைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. உள்ளங்கையின் குழி என்று நான் நினைத்த இடம் அரை அங்குலம் மேலே இருந்தது. பிடி அங்கே மெலிந்தும் கீழே தடித்தும் இருந்தது. கமலாவிடம் திட்டும் கிடைத்தது, அன்று இரவு சப்பாத்தியும் கிடைத்தது.

பிடியைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, பென்சிலால் குறித்து, 120 உப்புத்தாளில் தொடங்கினேன். பத்து இழுப்பு, மாட்டிப் பார், கழற்று. சட்டத்தோடு மரம் சேரும் விளிம்பில் கை வைக்கவில்லை. அங்கே தேய்த்தால் உலோக முனை வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். இடது வில்லையின் மேல் ஓரத்தை மட்டும் தாராளமாகக் குழித்தேன். தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரை வெளியே தள்ளினால் சுட்ட கூடுகள் அந்த மரத்தில் இடித்து நிற்கின்றன. ஐந்து தோட்டாவை ஒரே தடவையில் போடும் வட்டச் செருகியும் அங்கேதான் முட்டுகிறது. 220, 400 என்று போய், ஆளிவிதை எண்ணெய் தேய்த்து மூன்று நாள் காயவிட்டேன். ஹூஸ்டன் வெக்கையில் வியர்வை உள்ளே இறங்காமல் இருக்க வேண்டுமே.

ஒரு தப்பு செய்தேன். வலது பக்கம் அடியில் ஆசை மிஞ்சி, ஐந்து நிமிடம் அதிகமாகத் தேய்த்துவிட்டேன். இப்போது அடியிலிருந்து பார்த்தால் இரண்டு வில்லையும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி போல இருக்கின்றன, இரட்டையர் மாதிரி இல்லை. கைக்குத் தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிகிறது. நீ பார்த்தால் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய்.

பக்கவாட்டில் வழுவழுப்பாகவே விட்டுவிட்டு, விரல் சுற்றும் முன்பக்கத்தில் மட்டும் முக்கோண அரத்தால் குறுக்குக் கோடு போட்டேன். பைத்துணி உரசுவது பக்கங்களில்தான், விரல் கவ்வுவது முன்னால்தான். கோடு நேராக வரவில்லை. தேக்கில் நீ போடும் கோடு எப்படி அவ்வளவு சீராக வருகிறது? அரத்தை இழுக்கிறாயா, தள்ளுகிறாயா? ஸ்க்ரூவும் சுடச்சுடத் தளர்ந்தது. ஓங்கி முறுக்கினால் மரம் வெடிக்கும் என்று பயந்து, கமலாவின் நகப்பூச்சில் ஒரு சொட்டு விட்டேன். நிற்கிறது.

முடிவு என்னவென்றால், ரப்பர் பிடியில் ஒரு தட்டுக்குள் விழுந்தது இதில் ஒரு தாம்பாளத்துக்குள் விழுகிறது. எனக்கு அது போதும். சுண்டு விரல் மட்டும் இன்னும் எங்கே போவது என்று தேடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று: வெறும் பையில் போடக் கூடாது. ட்ரிகரை மூடுகிற மாதிரி தடித்த உறை ஒன்று பைக்குள்ளேயே இருக்கும், துப்பாக்கி அதில் நிமிர்ந்து நிற்கும். அந்தப் பையில் சாவி, சில்லறை, பேனா எதுவும் கிடையாது. ட்ரிகர் பக்கம் ஒரு சாவி நுழைந்தால் போதும், கதை முடிந்தது. ஆனால் இங்கே கடையில் வாங்கும் பேன்ட்டின் பை வாய் குறுகல். கை வெறுமையாக உள்ளே போகிறது, பிடியோடு வெளியே வர மறுக்கிறது, ஜாடிக்குள் கைவிட்ட குரங்கு மாதிரி.

அதற்குத்தான் உன்னிடம் ஓர் உதவி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த நம் டெய்லர் இன்னும் தைக்கிறாரா? அவர் வைக்கும் பை ஆழமாக இருக்கும். அடர் நிறத்தில் இரண்டு பேன்ட், இடுப்பு 38, உயரம் 40. பையின் உள்துணி காடாவாக இருக்கட்டும். வலப்பக்கப் பையின் வாய் ஏழு அங்குலம், ஆழம் பத்து. எதற்கு இவ்வளவு பெரிய பை என்று கேட்டால், அமெரிக்காவில் செல்போன் எல்லாம் பெரிசு என்று சொல்லிவிடு.

அன்புடன்,
செல்வம்