போகித் தீக்கு ஒரு வரைமுறை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் குறுகலான ஒரு தெருவில் இருக்கிறோம். எதிர் வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே பத்தடி இருந்தால் அதிகம். போன போகிக்கு விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் தெருமுனையில் தீ மூட்டிவிட்டார்கள். துடைப்பமும் கோரைப் பாயும் எரிந்தவரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் யாரோ இரண்டு பைக் டயர்களைக் கொண்டுவந்து போட்டார்கள். கரும்புகை நேராக வீட்டுக்குள் வந்துவிட்டது. என் மாமியாருக்கு ஆஸ்துமா. அவரை உள்ளறையில் உட்காரவைத்து, கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்து, இன்ஹேலரும் கையுமாக ஏழு மணி வரை பக்கத்திலேயே இருந்தேன். தீ எரிந்த இடத்துக்கு நாலடியில் கரண்ட் பெட்டி.

போகி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகனுக்கும் மேளம் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் மார்கழி விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கும். புகைக்கு மேலே போக வழியில்லை. 2018 போகியன்று விமானங்களையே திருப்பிவிட வேண்டியிருந்தது. மணலி ஆலைகள், துறைமுக லாரிகள், கொடுங்கையூர் குப்பைமேடு என்று வருஷம் முழுக்கப் புகையைச் சுவாசிக்கிற வடசென்னைக்கு இது வேறா?

இப்போது மொட்டைமாடி 'கேம்ப் ஃபயர்' வேறு வந்துவிட்டது. பிறந்தநாள், புத்தாண்டு என்றால் வெறும் தளத்தில் விறகை அடுக்கிக் கொளுத்துகிறார்கள். சூட்டில் தளம் வெடிக்கும் என்பதுகூட இருக்கட்டும், பக்கத்து மாடியில் கீற்றுக் கொட்டகை இருக்கிறது, கொடியில் துணி காய்கிறது. கடல் காற்றில் ஒரு பொறி பறந்தால் போதும்.

குப்பை எரிப்பதற்கு 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே தடை வந்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் சொன்னது. ஆனால் போகித் தீ குப்பையா, சடங்கா? தெருவில் யாருக்கும் தெளிவில்லை. கேட்டால், "வருஷத்துக்கு ஒரு நாள்தானேக்கா" என்கிறார்கள்.

அதனால்தான் வார்டு வாரியாக, மார்கழி பிறக்கும்போதே, தமிழில் ஒரு அறிவிப்புப் பலகை வேண்டும் என்கிறேன். காய்ந்த விறகு, வரட்டி, ஓலை, கோரைப் பாய் எரிக்கலாம். டயர், பிளாஸ்டிக், ஒயர், நைலான் துணி கூடாது. (பாய் என்றாலும் இப்போது பாதி பிளாஸ்டிக் பாய்தான், அதையும் எழுத வேண்டும்.) வீட்டுக்கு வீடு கொளுத்தாமல் தெருவுக்கு ஒரே தீ, அதுவும் சுவரையும் கரண்ட் பெட்டியையும் விட்டுத் தள்ளி. பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர். சாம்பலை நனைக்காமல் யாரும் நகரக்கூடாது. மாடித் தீக்கும் இதேபோல எழுதி வைக்கலாம்.

சில ஆண்டுகளாகப் போகிக்கு முன் பழைய துணி, டயர்களை மாநகராட்சியே வாங்கிக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. மாலையிலும் வாங்கினால் வேலைக்குப் போகிறவர்களும் கொடுப்பார்கள். இன்னொன்று, எங்கள் தெருவுக்கு டயர் வீடுகளிலிருந்து வருவதில்லை. பஞ்சர் கடை ஓரத்தில் குவிந்து கிடப்பதைத்தான் பிள்ளைகள் உருட்டிக்கொண்டு வருகிறார்கள். போகிக்கு ஒரு வாரம் முன்பே வண்டி அந்தக் கடைகளுக்குப் போய் அள்ளிவிட்டால், விடியற்காலையில் போட டயர் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை