இட்லி மட்டும்தான் சாப்பிட்டேன் டாக்டர்

திருச்சி
ஞாயிறு மதியம்

அன்புள்ள சுந்தரம்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ போனில் முனகியது நியாயம்தான். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். மாடி இன்னும் ஒழுகுகிறது. இனி என் பல் விஷயம். போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் காகிதம்.

கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று மூன்று வருஷமாகச் சொத்தை. கிராம்புத் தைலத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் கன்னம் வீங்கி, பிடுங்கியே தீர வேண்டும் என்றாகிவிட்டது. ஊசி என்றால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அம்மை குத்த வந்த அன்று மதில் ஏறியவர்களில் நீயும் ஒருவன், சிரிக்காதே.

பிடுங்க வரச் சொன்ன அன்று காலை ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். சரோஜாவுக்குப் படபடப்புக்காக எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் அட்டையில் கொஞ்சம் மீதி இருந்தது, அரை மில்லிகிராம் மாத்திரை. ஒன்று போட்டேன். அரை மணி கழித்தும் கை நடுக்கம் நிற்கவில்லை, இன்னொன்றும் போட்டேன். அப்புறம் ஸ்கூட்டரை எடுத்தேன். ஆமாம், ஸ்கூட்டரை! நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டரம்மா என் கண்ணைப் பார்த்து, "என்ன சாப்பிட்டுட்டு வந்தீங்க?" என்றார். "இட்லி மட்டும்தான் சாப்பிட்டேன் டாக்டர்" என்றேன். அந்த 'இட்லி'யே வாயில் ஒழுங்காக வரவில்லையாம். சாவியை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டு மகனுக்குப் போன் செய்தார். பல்லைத் தொடவே இல்லை.

இரண்டாம் தடவை முறையாக நடந்தது. வீக்கம் வடிய மாத்திரை கொடுத்து, பத்து நாள் கழித்து மயக்க டாக்டர் ஒருவரையும் வரவழைத்திருந்தார். அவர் கேட்ட கேள்விகள் பெண் பார்க்க வந்த வீட்டில்கூடக் கேட்கமாட்டார்கள். குடிப்பீர்களா, என்னென்ன மாத்திரை, தூக்கத்தில் மூச்சு முட்டுமா, குறட்டை உண்டா. குறட்டை கிடையாது என்றேன். சரோஜா சிரித்த சிரிப்பை அப்படியே எழுதிக்கொண்டார்.

விரலில் கிளிப் மாட்டி, கை நரம்பில் மிடாசோலம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். முழு மயக்கம் இல்லை. வாயைத் திற என்றால் திறப்பேன், பயம் மட்டும் இருக்காது. இந்த மருந்து வலிக்குக் கேட்காது என்பதால் ஈறில் மரப்பு ஊசியும் உண்டு. ஆனால் அந்த ஊசி போட்டதே எனக்கு ஞாபகம் இல்லை. நாற்பது நிமிஷம் அப்படியே காணோம். நடுவில் டாக்டரம்மாவை லாசர் சார் என்று கூப்பிட்டு, சாக்பீஸ் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேனாம். உன் பெயரையும் சொன்னேனாம். பாவத்தில் உனக்கும் பங்கு உண்டல்லவா.

இதோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் வேடிக்கைக் கடிதம். மூன்றாம் நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. பல்லும் வலிக்கவில்லை. கை தானாக எழுந்து சரோஜாவின் அட்டையைத் தேடிற்று. விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. கூடவே ஒரு பழைய கதையும்.

ஹொரேஸ் வெல்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பல் டாக்டர். 1844 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் சிரிப்பு வாயுக் காட்சி ஒன்றுக்குப் போனார். வாயுவை இழுத்த ஒருவன் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் இருந்ததைப் பார்த்தார். மறுநாளே தானும் அந்த வாயுவை இழுத்து, இன்னொரு பல் டாக்டரை விட்டுத் தன் பல்லைப் பிடுங்கச் செய்தார். என்ன துணிச்சல், பார்! கடைசியில் குளோரோஃபார்மைத் தன் மேலேயே சோதித்துச் சோதித்து, அதற்கே அடிமையாகி, 1848ல் நியூயார்க் சிறையில் தன்னையே மாய்த்துக்கொண்டார். எல்லாம் தெரிந்த டாக்டருக்கே அந்தக் கதி.

டேய், மீனாட்சி போனதிலிருந்து நீ ராத்திரி போடுகிற அதே அல்பிரசோலம் 'பாதி மாத்திரை' இப்போது பாதிதானா? அடுத்த மாதம் நான்கு பல் எடுக்கப் போகிறாய். அங்கே போய் நீயும் இட்லிக் கதை சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சொல்லாதே. மயக்க டாக்டரிடம் உன் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். வருஷக்கணக்கில் அந்த மாத்திரையைப் போட்டவருக்கு, அதே இனமான மிடாசோலம் வழக்கமான அளவில் கேட்காமல் போகலாம், தெரியாமல் கூட்டிப் போட்டால் மூச்சு தணியலாம். மயக்கத்தை முறிக்க ஃப்ளுமாஸெனில் என்று ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். பழக்கப்பட்ட உடம்பில் அதுவே வலிப்பைக் கிளப்பிவிடலாமாம். பயந்துபோய் நாளைக்கே மாத்திரையை நிறுத்தியும் தொலைக்காதே, திடீரென்று விட்டாலும் வலிப்பு வரலாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய் எத்தனை வருஷம், எத்தனை மாத்திரை என்று உள்ளதைச் சொல். கடைக்காரர் சீட்டு இல்லாமல் கொடுக்கிறார் என்றால் அதையும் சொல். சீட்டில்லாமல் கொடுக்கவே கூடாத மருந்து அது.

கோபம் வந்தால் திட்டி எழுது, பரவாயில்லை.

துணைக்கு ஆள் இல்லாமல் நாற்காலியில் ஏற்றமாட்டார்கள். மறுநாள் வரை வண்டி ஓட்டவும் கூடாது. உன் மகன் துபாயிலிருந்து வரப்போவதில்லை. தேதியைச் சொல், முதல் நாளே கோயம்புத்தூர் வந்துவிடுகிறேன். ரயிலில்தான் வருவேன். ஸ்கூட்டர் சாவி இன்னும் மகனிடம்தான் இருக்கிறது.

உன்,
ராமு